ரெயில் நிற்காது என்று எப்படிச் சொல்வது?

பொம்மிடியில் தண்டவாள வேலை நடக்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளைக்குக் காலை ரெயில் அங்கே நிற்காது. இதை ஊருக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?

"இது ஒரு பெரிய காரியமா?" என்று நீங்கள் கேட்கலாம். பெரிய காரியம்தான்!

பொம்மிடி இருப்பது தர்மபுரி மாவட்டம். ஆனால் தர்மபுரி நகரம் வேறு ரெயில் பாதையில் இருக்கிறது. சென்னையிலிருந்து சேலம் போகும் பாதையில், மொரப்பூரைத் தாண்டினால் பொம்மிடி வரும். சுற்றியுள்ள கிராமத்தார் இங்கே வந்துதான் ரெயில் ஏற வேண்டும். வேலைக்குப் போகிறவர் விடியற்காலையில் வந்து நிற்கிறார். ரெயில் நிற்காமல் ஓடிவிட்டால்? அன்றைய கூலி போயிற்று. சேலம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட நோயாளி திரும்பி வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

நாலாவது பத்தியில் ஊர்

அலுவலகங்களும் சங்கங்களும் தாங்களே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுப்பதுதான் செய்தி அறிக்கை. முன்பு காகிதத்தில் வந்தது. இப்போது ஈமெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறது. பெரும்பாலும் அது இப்படித்தான் தொடங்கும்:

"பயணிகளின் பாதுகாப்பினைக் கருத்தில் கொண்டு மேற்கொள்ளப்படவுள்ள பொறியியல் பராமரிப்புப் பணிகள் காரணமாக..."

படித்தவருக்கே மூச்சு வாங்கும்! பொம்மிடி என்ற பெயர் நாலாவது பத்தியில், வண்டி எண்களுக்கு நடுவே ஒளிந்து கிடக்கும். ஊர்க்காரருக்கு எண்ணா தெரியும்? "காலை வண்டி" என்றால்தான் தெரியும்.

இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"வருகிற செவ்வாய், புதன் இரண்டு நாளும் காலை சேலம் ரெயில் பொம்மிடியில் நிற்காது. மொரப்பூரில் ஏறிக்கொள்ளலாம். தண்டவாளம் மாற்றும் வேலை நடப்பதே காரணம்."

மூன்றே வரி. யாருக்கு, எப்போது, என்ன செய்வது, ஏன்: எல்லாம் வந்துவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் படித்துவிடுவார். 1942-ல் மதுரையில் 'தந்தி' பத்திரிகையைத் தொடங்கிய சி.பா.ஆதித்தனார், தமிழ்ப் பத்திரிகைக்குச் சொன்ன வழியும் இதுதான். மக்கள் பேசும் தமிழில், கொச்சையை நீக்கி எழுது என்றார் அவர்.

பாலத்திலிருந்து விழுந்த ரெயில்

செய்தி அறிக்கை என்ற வழக்கமே ஒரு ரெயில் விபத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். 1906-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி. அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி என்ற ஊருக்கு அருகே, பாலத்தில் சென்ற மின்சார ரெயில் தண்ணீரில் விழுந்தது. 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அந்தக் காலத்து ரெயில் கம்பெனிகள் விபத்தை மூடி மறைக்கத்தான் பார்க்கும். பென்சில்வேனியா ரெயில் கம்பெனிக்காக வேலை செய்த ஐவி லீ என்பவர் வேறு வழியில் போனார். அவர் முன்பு பத்திரிகை நிருபராக இருந்தவர். நடந்ததை எழுதி, கம்பெனியின் பெயரிலேயே பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். 'நியூயார்க் டைம்ஸ்' அதை அப்படியே வெளியிட்டது.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். 1914-ல் கொலராடோவில் லட்லோ என்ற இடத்தில், வேலை நிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் தாக்கப்பட்டு எரிந்தன. பெண்களும் குழந்தைகளும் மாண்டார்கள். சுரங்க முதலாளி ராக்பெல்லர் குடும்பத்துக்காக அறிக்கைகள் எழுதியவர் அதே ஐவி லீ! தொழிற்சங்கத் தலைவர்கள் வாங்கிய சம்பளத்தைப் பல மடங்கு கூட்டிக் காட்டியது அவருடைய அறிக்கை. கம்பெனி கொடுத்த தகவலைச் சரி பார்க்கவில்லை என்று பிறகு விசாரணைக் குழுவில் அவரே ஒப்புக்கொண்டார்.

கை அதே கைதான். எழுத்தும் தெளிவான எழுத்துதான். உள்ளே இருந்த சரக்குதான் பொய்.

நீங்களும் எழுதலாம்

அறிக்கை எழுதுவது அதிகாரிகளுக்கு மட்டும் உரிய வேலை அல்ல. வேகமாகப் போகும் ரெயில் ஒன்று நம் ஊரில் நிற்க வேண்டும் என்று கேட்க ஊர் மக்களுக்கும் உரிமை உண்டு.

ஆனால் நம்மவர்கள் எழுதுவது எப்படி? "தலைவர் தலைமை தாங்கினார், செயலாளர் வரவேற்றார், பொருளாளர் நன்றி கூறினார்" என்று ஒரு பக்கம் ஓடும். பிறகு, "நிர்வாகத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்று ஒரு வரி. கேட்டது என்ன என்பதையே காணோம்!

அதற்குப் பதில், நாலு நாள் காலையில் பிளாட்பாரத்தில் நின்று ஆட்களை எண்ணுங்கள். எத்தனை பேர் சேலம் போகிறார்கள்? எத்தனை பேர் மாணவர்கள்? ரெயில் நிற்காததால் பஸ்ஸுக்கு எவ்வளவு செலவாகிறது? அந்தக் கணக்கை முதல் வரியில் எழுதுங்கள். "ஏராளமானோர்" என்று எழுதினால் ரெயில்வே அதிகாரி தாளைத் திருப்பி வைத்துவிடுவார். எண்ணிக்கை சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும். 2007 முதல் சேலத்திலேயே ரெயில்வே கோட்ட அலுவலகம் இருக்கிறது. ஆகவே நேரில் போய்க் கொடுப்பதும் எளிது. ஒரு நகல் அங்கே, மற்றவை பத்திரிகைகளுக்கு.

பலரும் மறப்பது தேதியை. தேதி இல்லாத அறிவிப்பைச் செல்போனில் ஒருவர் அனுப்ப, அடுத்த வருஷமும் அது ஊர் சுற்றும். நிற்கிற ரெயிலை நிற்காது என்று நம்பி, ஒருவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். ஆகவே மேலே தேதி, கீழே பொறுப்பானவர் பெயர், போன் நம்பர். நிருபர் திரும்பக் கூப்பிட்டால் அந்தப் போனை எடுக்க ஆள் இருக்க வேண்டும்.