புதுக்கோழிக்குத் தனிப் பஞ்சாரம்!



"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா?" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சாகாதுதான். ஆனால் புதுக்கோழியின் எச்சத்தை மிதித்துப் பழைய கோழி சாகும். இதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்த முறை சுவர்ப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன்.

நம் குரங்கணியில் கோழி இல்லாத வீடு குறைவு. ஏலத்தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில் முட்டைக் காசுதான் கைச்செலவுக்கு. எங்கள் வீட்டில் எட்டுக் கோழி இருந்தது. அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி, போடிக்குப் போய் இன்னும் நாலு பெட்டை வாங்கி வந்தார். கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டு வந்தோம். எனக்கு ஒரே சந்தோஷம். அன்று சாயங்காலமே நான்தான் நாலையும் பழைய கோழிகளோடு ஒரே கூட்டில் அடைத்தேன். ஒன்றாக இருந்தால் சீக்கிரம் பழகிவிடும் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் ஒரு புதுக்கோழி இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றது. எச்சம் வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீராகப் போனது. "ஊர் மாறி வந்துருக்கு, தண்ணி சேரல, சரியாப் போயிரும்" என்றார் அப்பத்தா. நாங்களும் விட்டுவிட்டோம். அடுத்த வாரம் பழைய கோழிகளும் அதேபோல நின்றன. ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றியது. செத்த கோழியைப் பையில் போட்டுக் கால்நடை டாக்டரிடம் கொண்டு போனபோது அவர் சொன்னார்: "இது வெள்ளைக்கழிச்சல். வந்த பிறகு மருந்து இல்லை. வருமுன் தடுப்பூசிதான்."

பன்னிரண்டில் பத்துக் கோழி போய்விட்டது. குழுக் கடனில் இன்னும் மூன்று தவணை பாக்கி இருக்கிறது.

வெள்ளைக்கழிச்சலை ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். 1926-ல் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரில் இதைக் கண்டார்கள். 1927-ல் நம் நாட்டில் ராணிக்கெட் என்ற ஊரில் கண்டார்கள். அதுவும் நம்மைப் போல மலை ஊர்தான், இமயமலைப் பக்கம் இருக்கிறது. இது வைரஸ் நோய். கிருமி உடம்புக்குள் போன பிறகு அறிகுறி தெரிய 2 நாளும் ஆகலாம், 15 நாளும் ஆகலாம். அதாவது நாம் வாங்கும்போது கோழி நல்லாத்தான் இருக்கும், துள்ளிக்கொண்டுதான் இருக்கும். கண்ணால் பார்த்து வாங்கினேன் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே என் கருத்து இதுதான்: புதுக்கோழி எங்கிருந்து வந்தாலும், சொந்தக்காரர் கொடுத்தாலும், சந்தையில் வாங்கினாலும், மூன்று வாரம் தனியாக வைக்க வேண்டும். தினமும் அதன் எச்சத்தைப் பார்க்க வேண்டும்.

"சீ, எச்சத்தையா பார்க்கச் சொல்ற?" என்று சிரிக்காதீர்கள். கோழிக்கு வாய் பேச வராது. அதன் வயிறு எப்படி இருக்கிறது என்று எச்சம்தான் சொல்லும். நல்ல எச்சம் கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்ததுபோல இருக்கும். அந்த வெள்ளைதான் கோழியின் சிறுநீர். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இடையிடையே பழுப்பு நிறத்தில் கூழ்போல நாற்றமாக ஒரு எச்சம் போடும். அதுவும் இயல்புதான். பஸ்ஸில் வந்த அலுப்பிலும் தீனி மாறியதிலும் ஒன்றிரண்டு நாள் இளகிப் போகலாம். கோழி தீனி எடுத்து, கொண்டை சிவப்பாக இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம்.

ஆனால் வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீராகப் போனால், கோழி தூங்கி வழிந்தால், அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது வேறு நோய், ரத்தக்கழிச்சல். குஞ்சுகளுக்கு அதிகம் வரும். ஈரமான தரையில் அந்தக் கிருமி எளிதில் பரவும். நம் ஊரில் பனியும் சாரலும் அதிகம் என்பதால் கூட்டுத் தரையைக் காய வைப்பது முக்கியம். நனைந்த உமியை அள்ளிவிட்டுப் புது உமி போட வேண்டும். ரத்தக்கழிச்சலுக்கு மருந்து உண்டு. டாக்டர் சொல்லும் அளவில் தண்ணீரில் கலந்து கொடுத்தால் பிழைக்கும். இரண்டு கழிச்சலும் ஒன்று என்று நினைத்துக் கடையில் கேட்டதை வாங்கி ஊற்றக் கூடாது.

சிலர், "தனியா வைக்க எங்க இடம் இருக்கு?" என்று கேட்கலாம். தனிக் கொட்டகை வேண்டாம். வீட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பஞ்சாரம், தனித் தண்ணிச் சட்டி, அவ்வளவுதான். பழைய கோழிக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, கடைசியாகப் புதுக்கோழியிடம் போங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கால் கழுவுங்கள். "நாட்டுக்கோழிக்குச் சீக்கு வராது" என்பவர்கள் எங்கள் வீட்டுக் காலிக் கூட்டை வந்து பார்க்கட்டும். தடுப்பூசி போடாத நாட்டுக்கோழியை இந்த நோய் விடாது. முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. பிப்ரவரி மாதம் கால்நடைத்துறை இலவச முகாம் நடத்துவது வழக்கம். அதைத் தவற விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். எங்கள் வீட்டில் ஐந்து கோழி மிச்சம் இருந்தபோது ஒரு கோழி வியாபாரி பைக்கில் வந்தார். "எல்லாத்தையும் 700 ரூபாய்க்குத் தர்றீங்களா?" என்று கேட்டார். "உசுரு இருக்கையிலேயே காசாக்கிரு ஆத்தா" என்று அப்பத்தா சொன்னார். எனக்கும் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. அம்மா கொடுக்கவில்லை. "நம்ம தலையில ஒருத்தர் கட்டுனாங்க. அதை நாம இன்னொருத்தி தலையில கட்டணுமா?" என்று கேட்டார். அந்த ஐந்தில் மூன்று செத்தது. ஆற்றோரம் வீசாமல், குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். வீசியிருந்தால் நாய் இழுத்துப் போயிருக்கும், கொட்டகுடி ஆற்றுத் தண்ணீரும் கெட்டிருக்கும்.

சீக்குக் கோழியை விற்பது நோயை விற்பது. நாம் விற்றது யார் வீட்டுக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. அங்கேயும் ஒரு குழுக் கடன் இருக்கும், முட்டைக் காசை நம்பி ஒரு பிள்ளை இருக்கும்.

ஆகவே தோழர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் கோழிக்கூட்டைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். புதுக்கோழி வாங்கும் யோசனை இருந்தால் முதலில் ஒரு பஞ்சாரம் தயார் செய்யச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பிழைத்த இரண்டு பெட்டையில் ஒன்று இப்போது முட்டை இடுகிறது. அடுத்த கோழி வந்தால் அதற்குத் தனிப் பஞ்சாரம் தயாராக இருக்கிறது.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி