கடைசியில் வருபவருக்கும் மலை உண்டு

பசியாறி விட்டீர்களா? இன்று இதைச் சும்மா கேட்கவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குச் சைக்கிளைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியற்காலையில் பிரட்டு முடிந்ததும், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போன அப்பாவைச் சுமந்தது சைக்கிள்தான். பால் தோம்பைப் பின்னால் கட்டி ஸ்டோருக்குக் கொண்டு வந்ததும் அதுதான். முன் கம்பியில் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை என்று எங்களைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டதும் அதுதான். அந்த மண் சடக்கில் அவர் மிதித்த தூரத்தை யாரும் உடற்பயிற்சி என்று சொன்னதில்லை. அது பிழைப்பு.

பிறகு காலம் மாறியது. துண்டாடலில் சில தோட்டங்கள் போயின. மிச்சத்தில் பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. நாமும் லயத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தோம். சைக்கிள் இருந்த இடத்தில் மோட்டார் நின்றது. உடம்பு உழைப்பை மறந்தது. கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணியை மட்டும் நாக்கு மறக்கவில்லை.

2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நாடு முழுவதும் எடுத்த ஆய்வு ஒன்று உண்டு. வயது வந்த மலேசியர்களில் 100க்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருப்பதாக அது கணக்கிட்டது. நம் இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 100க்கு 31 பேர். பரம்பரையும் ஒரு காரணம்தான். ஆனால் எல்லாப் பழியையும் பாட்டன் மேல் போட்டுவிட முடியாது. அந்த 31 பேரில் நானும் ஒருவன். வயது 58.

டாக்டர் "உடம்பை அசையுங்கள்" என்றதும், ஓராண்டுக்கு முன் பழைய சைக்கிளுக்குப் பதிலாகக் கியர் வைத்த ஒன்றை வாங்கினேன். ஈப்போவில் ஞாயிறு தோறும் சைக்கிள் ஓட்டும் ஒரு கூட்டத்தோடு சேர்ந்தேன். சில மாதங்களுக்கு முன் அவர்கள் மூன்று நாள் பயணம் ஒன்றுக்குக் கிளம்பினார்கள். முதல் நாள் ஈப்போவிலிருந்து தாப்பா. இரண்டாம் நாள் கேமரன் மலை ஏற்றம். மூன்றாம் நாள் சிம்பாங் பூலாய் வழியாக இறங்கி வீடு. பன்னிரண்டு பேர். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் கோப்பேங், கம்பார் வழியாகச் சமவெளிப் பாதை. கம்பாரைத் தாண்டும்போது என் தாத்தா சொன்ன சண்டைக் கதை நினைவுக்கு வந்தது. 1941 டிசம்பர் கடைசியில் அங்கே பெரும் போர் நடந்தது. மலாயாவில் ஜப்பானியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளில்தான் தெற்கே இறங்கினார்கள். டயர் வெடித்தால் வெறும் இரும்பு ரிம்மிலேயே ஓட்டுவார்களாம். இருட்டில் அந்தக் கடகடச் சத்தத்தைக் கேட்டு, டாங்கிதான் வருகிறதென்று எதிராளிகள் மிரண்டதும் உண்டு.

நான் சொல்ல வந்தது இரண்டாம் நாள் கதை.

தாப்பாவில் காலை ஆறரை மணிக்கு எல்லாரும் நாசி லெமாக்கும் முட்டையுமாகப் பசியாறினார்கள். எனக்கு ஒரு வீம்பு. வயிறு கனத்தால் மலை ஏற முடியாது என்று நானே முடிவு கட்டி, வழக்கமான மாத்திரைகளை விழுங்கிவிட்டு, சீனி போடாத கோப்பி மட்டும் குடித்தேன்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஊரை விட்டதும் பழமரங்கள், பிறகு இரு பக்கமும் காடு. வளைவு முடிந்தால் இன்னொரு வளைவு. 1885இல் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் இந்த மலைப்பக்கம் வந்ததால்தான் இதற்கு அந்தப் பெயர். வண்டிகள் போகும் சடக்கு 1930களின் தொடக்கத்தில்தான் மேலே போய்ச் சேர்ந்தது. மலாயாவின் சடக்குகளுக்குக் கல்லுடைத்தவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துக்கொண்டே மிதித்தேன்.

எங்கள் கூட்டத்தில் இரண்டு சட்டங்கள். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே மிதிக்க முடிந்தால் வேகம் சரி; வாய் பேச மறுத்தால் கியரை இறக்கு. இது முதலாவது. கூட்டத்தின் கடைசியில் ஓர் ஆள் வருவார், அவர் யாரையும் முந்தக்கூடாது. இது இரண்டாவது. அன்று கடைசியில் வந்தவர் பணி ஓய்வு பெற்ற லோரி டிரைவர் ஒருவர்.

லாத்தா இஸ்கண்டார் அருவியில் இளைப்பாறினோம். சடக்கோரக் கடைகளில் பெத்தாய்க் கொத்துகள் தொங்கின. மற்றவர்கள் வாழைப்பழம் தின்றார்கள். நான் அதையும் மறுத்துவிட்டு, இளவட்டங்களோடு முன்னால் கிளம்பினேன். பேச முடியவில்லை, ஆனாலும் கியரை இறக்கவில்லை. சட்டம் இரண்டும் எனக்கில்லை என்ற நினைப்பு.

இன்னும் சில மைல் போனதும் குளிர் காற்றிலேயே சட்டை நனைய வியர்த்தது. கை நடுங்கியது. முன்னால் இருந்த வளைவு இரண்டாகத் தெரிந்தது. காரணமில்லாமல் எல்லார் மீதும் எரிச்சல் வந்தது. களைப்பு என்று நினைத்து ஓரமாக உட்கார்ந்தேன். "போங்க, வர்றேன்" என்று சொன்னதை நம்பி ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். கடைசியில் அந்த லோரிக்காரர் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டார்.

"அண்ணே, காலையில பசியாறினீங்களா?"

"இல்ல."

"மருந்து?"

"போட்டுட்டேன்."

அவர் திட்டவில்லை. பையிலிருந்து இனிப்புப் பானப் பொட்டலம் ஒன்றைக் கிழித்துக் கையில் கொடுத்தார். குடிக்க வைத்து, கால் மணி நேரம் காத்திருந்து, பிறகு ஒரு ரொட்டியும் கொடுத்தார். நடுக்கம் அடங்கியது. நான் வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டேன். "எங்க அண்ணனுக்கு இதே நோய்லதான் காலை எடுத்தாங்க. அதுக்குப் பிறகுதான் நான் சைக்கிளை எடுத்தேன்" என்று மட்டும் சொன்னார்.

வாசகர்களே, நடந்தது இதுதான். இனிப்பு நீருக்கான சில மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் இரத்தச் சர்க்கரையை இறக்கும். மலையேற்றத்தில் தசைகளும் அதையே இழுக்கும். வயிறும் காலியாக இருந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். அது கூடுவது மெல்லக் கொல்லும். இறங்குவது அந்த நேரமே ஆளைச் சாய்க்கும். நடுக்கமும் வியர்வையும் வந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீரோ அரைக் குவளை இனிப்புப் பானமோ குடிக்க வேண்டும். கால் மணியில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த வளைவில் மற்றப் பத்துப் பேரும் காத்திருந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பகாங் எல்லையைக் கடந்து ரிங்லெட் போய்ச் சேர்ந்தபோது காய்கறித் தோட்டங்கள் தெரிந்தன. அங்கிருந்து மேலே தேயிலை. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்தே அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். 1,400 மீட்டருக்கு மேலே இருக்கும் தானா ராத்தாவில் பிற்பகல் மூன்று மணிக்கு இறங்கினேன். பன்னிரண்டு பேரில் பதினொன்றாவது ஆள் நான். பன்னிரண்டாவது யார் என்று உங்களுக்கே தெரியும்.

நீங்கள் மலை ஏற வேண்டாம். தாமானுக்குள் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் உடம்பை அசைத்தால் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இனிப்பு நீர் உள்ளவர்கள் முதலில் கிளினிக்கில் கேளுங்கள். மருந்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சிலிப்பரை விட்டுச் சப்பாத்து போடுங்கள். வீடு வந்ததும் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். பையில் இனிப்பு இருக்கட்டும். உங்கள் நோய் உடன் வருபவருக்குத் தெரியட்டும். அதில் வெட்கம் வேண்டாம். என்னை அன்று சடக்கோரத்தில் உட்கார வைத்தது நோய் பாதி, வெட்கம் பாதி.

அடுத்த இதழில் சந்திப்போம். அதுவரை, பசியாறிவிட்டே புறப்படுங்கள்.