தலைப்பில் இடம்பெறாத தோட்டத் தொழிலாளி

2022 ஜூலை 9 அன்று கொழும்பு அதிபர் மாளிகைக்குள் மக்கள் புகுந்தனர். மறுநாள் கும்மிடிப்பூண்டி டீக்கடைகளில் புரட்டப்பட்ட நாளிதழ்களிலும், அந்த மாளிகையின் நீச்சல் குளத்தில் இளைஞர்கள் குளிக்கும் படம்தான். கோத்தபய தப்பியோட்டம், ரணில் பதவியேற்பு என்று அடுத்தடுத்த தலைப்புகளும் கொழும்பைத் தாண்டவில்லை. 2024 ஆகஸ்டில் டாக்கா, 2025 செப்டம்பரில் காத்மாண்டு என ஊர் மாறியது. தலைவர் ஓட்டம், கட்டடம் சூறை என்ற தலைப்பு மாறவில்லை.

இவை பொய்ச் செய்திகள் அல்ல. ஆனால் நெருக்கடியின் முழுச் சுமையும் யார் தலையில் இறங்கியது என்பதை இவை சொல்லவில்லை.

இலங்கையில் மலையகத் தோட்டத் தொழிலாளரின் நாள் கூலி 2021-இல் 1,000 இலங்கை ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைக் குறியீட்டின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். கூலி அடுத்து உயர்ந்ததோ 2024-இல்தான். பெட்ரோல் வரிசை முதல் பக்கத்தில் வந்தது. லயன் வீட்டு அடுப்பு வரவில்லை.

இவர்கள் நமக்கு அந்நியர் அல்லர். வெள்ளையர் காலத்தில் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசுகள், பெரும்பாலோர் தலித்துகள். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தது. போருக்குத் தப்பித் தமிழக முகாம்களுக்கு வந்தவர்களிலும் இந்த வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் உண்டு. தலைப்பில் எல்லோரும் ‘அகதிகள்’ மட்டுமே.

இந்த எழுத்துமுறை நமக்குப் பழக்கமானதுதான். சேரிக்குள் புகுந்து அடித்தாலும் ‘இரு தரப்பினர் மோதல்’ என்றே தலைப்பு வரும். அடித்தவர் யார், அடிபட்டவர் யார் என்பது அதில் தெரியாது. ‘இலங்கை நெருக்கடி’ என்பதும் அப்படித்தான். சாதியும் வர்க்கமும் கழிந்து நாட்டின் பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

இதன் விளைவு சட்டம் வரை நீள்கிறது. 2015 ஜனவரி 9-ஆம் தேதிக்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. அது குடியுரிமை அல்ல. 2022-இல் பசியோடு தனுஷ்கோடியில் வந்திறங்கியவர்களுக்கு அந்த விலக்கும் கிடையாது. அவர்கள் படகில் வந்த நாளில் செய்தியானார்கள். இந்த ஆணை அவர்களை விட்டுவிட்டது எத்தனை தலைப்புகளில் வந்தது?

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. சென்னையிலிருந்து மின்சார ரயிலிலேயே வந்துவிடலாம். அடுத்த முறை கொழும்பு பற்றித் தலைப்பு எழுதுமுன், ஒரு நிருபர் அங்கே வந்து, அவர்களின் சொந்தங்கள் இலங்கையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்கட்டும். மாளிகைப் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பதிலும் அச்சாக வேண்டும்.