பலகை அடிக்கும் முன்

அமெரிக்காவில் 1930களிலிருந்தே காரின் பின்னால் இழுத்துச் செல்லும் 'டியர்டிராப்' படுக்கை வண்டியைச் சொந்தக் கையால் செய்கிறார்கள். அதில் விளக்கு ஒயர் கண்ணில் படாமல் ஓடுவது அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் '12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது' என்ற அலட்சியம் கூடவே கூடாது. ஷாக் அடிக்காதுதான். ஷார்ட் ஆனால், பேட்டரி பாய்ச்சும் கரண்டில் ஒயர் பழுக்கக் காய்ந்து, பக்கத்துப் பிளைவுட் பற்றிக்கொள்ளும். வண்டி அதிர அதிர, அலுமினிய விளிம்பில் உரசும் ஒயரின் மேலுறை தேய்ந்துகொண்டே போகும். ஒயர் நுழையும் துளைகளில் ரப்பர் வளையம் போடுங்கள். பேட்டரியை ஒட்டியே, ஒயரின் கனத்துக்கேற்ற ஃபியூஸ் வையுங்கள். கூரைப் பலகையை அடித்து மூடுவதற்கு முன், ஒயர் போகும் தடத்தில் அளவு நாடாவை நீட்டிவைத்துப் படம் எடுத்துவிடுங்கள். பிறகு அலமாரி மாட்ட ஸ்க்ரூ முடுக்கும்போது அந்தப் படம் கட்டாயம் வேண்டும்.