அவங்க பார்லிக்கு ஏழு மாடி மாளிகை! நம்ம பனைக்கு போலீஸ் கேஸா?

 

அயர்லாந்து நாட்டின் தலைநகரம் டப்ளின். அந்த நாட்டிலேயே அதிகம் பேர் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடம் எது தெரியுமா? கோட்டையும் இல்லை, கோயிலும் இல்லை. ஒரு பீர் ஃபேக்டரி! கின்னஸ் என்று பெயர். வருஷத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். நாமும் பார்க்கிறோம். பார்த்துவிட்டு நமக்கு ஒரு கேள்வி வருகிறது. அதைத்தான் இந்தப் பிரசுரத்தில் எழுதுகிறோம்.

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறோம். 1759-ல் ஆர்தர் கின்னஸ் என்பவர் அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்தார். எத்தனை வருஷத்துக்கு? 9000 வருஷத்துக்கு! வருஷ வாடகை 45 பவுண்டு. அச்சுப்பிழை இல்லை அய்யா, ஒன்பதாயிரம் வருஷமேதான். நம்ம ஊரில் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவனுக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தரம் வயித்தைக் கலக்குகிறது. பிறகு கம்பெனி வளர்ந்து இடத்தையே வாங்கிக்கொண்டது, அது வேறு விஷயம். அந்தக் குத்தகைப் பத்திரத்தின் நகலைத் தரையில் கண்ணாடி போட்டு இன்றைக்கும் காட்டுகிறார்கள்.

இப்போது ஜனங்கள் பார்க்கிற கட்டிடம் 1904-ல் கட்டி முடித்தது. பீர் நொதிக்க வைக்கிற இடமாக இருந்தது. 1988-ல் அந்த வேலை நின்றுபோனது. நம்ம ஊராக இருந்தால் பூட்டி, முள்ளு முளைக்க விட்டிருப்பார்கள். அவர்கள் 2000-ம் ஆண்டு அதையே காட்சிசாலையாகத் திறந்தார்கள். ஏழு மாடி. நடுவில் பீர் கிளாஸ் வடிவத்தில் ஒரு பெரிய வெற்றிடம். கீழ் மாடியில் என்ன காட்டுகிறார்கள்? பார்லி, தண்ணீர், ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ, ஈஸ்ட். இவ்வளவுதான் சரக்கு. விக்லோ மலைத் தண்ணீர் என்று தண்ணீருக்குக்கூடப் பெருமை. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்துகிறார்கள்; முளைகட்டாத பார்லியில் கொஞ்சத்தைக் காப்பிக்கொட்டை போலக் கருக வறுக்கிறார்கள். அந்தக் கறுப்பு நிறம் அதிலிருந்துதான் வருகிறது. உச்சி மாடியில் ஊரைப் பார்த்துக்கொண்டே ஒரு கிளாஸ் குடிக்கலாம். பதினெட்டு வயசு ஆகாத பிள்ளைகளுக்குக் கலர் தண்ணிதான். 2011-ல் இங்கிலாந்து ராணியையே கூட்டிப்போய்க் காட்டினார்கள். ராணி குடிக்கவில்லை, பார்த்துவிட்டு வந்தார்.

இன்னொரு சேதி. அந்தக் கம்பெனியில் 1899-ல் வில்லியம் கோசெட் என்று ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். எந்த ரகம் பார்லி நல்லா விளையும், நாலைந்து வயலில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு அதை நம்பலாமா என்று கணக்குப் போட்டார். கம்பெனி தன் ஆட்களைச் சொந்தப் பெயரில் எழுத விடாததால் 1908-ல் 'மாணவன்' என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார். இன்றைக்கும் நம்ம வேளாண் கல்லூரியில் ரகச் சோதனைக்கு அந்தக் கணக்கைத்தான் சொல்லித் தருகிறார்கள். பார்லி விளைகிற வயலைப் பார்த்துப் பிறந்த கணக்கு அது!

இதையெல்லாம் சொல்வதால் அந்தக் கம்பெனிக்கு நாங்கள் ஜால்ரா போடுவதாக நினைக்க வேண்டாம். ஒரு பைண்ட் பீருக்கு, அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேலே, சுமார் 100 கிராம் பார்லி போதும். டன் 250 யூரோவுக்கு வித்தாலும் அந்த 100 கிராமுக்கு விவசாயிக்குக் கிடைப்பது இரண்டரை சென்ட். அந்த கிளாஸை டப்ளினில் 6 யூரோவுக்கு, அதாவது 600 சென்ட்டுக்கு விற்கிறார்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அங்கேயும் விதைத்தவன் கைக்கு உமிதான். ஆனால் ஒன்று. அங்கே அவன் பார்லி விதைத்ததற்கு யாரும் அவன் மேல் கேஸ் போடவில்லை.

இங்கே?

நம்ம வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கிற பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021 வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட வேண்டுமானால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்லது, வரவேற்கிறோம். வெட்டக்கூடாது, சரி. வெட்டாத மரத்தில் என்ன வருமானம் பார்ப்பது? பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறோம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், சட்டப்படி சரி. சுண்ணாம்பு தடவாவிட்டால் காற்றில் இருக்கிற ஈஸ்ட்டே போதும், விடிவதற்குள் கள். 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி கேஸ், கலயம் உடைப்பு, கோர்ட்டு, வாய்தா. ஒரு விரல் சுண்ணாம்பு மனுஷனைக் குற்றவாளி ஆக்குகிறது!

மதுவிலக்கு நடப்பில் இருந்தால் நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். 1937-ல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கு கொண்டுவந்தார். 1971-ல் கலைஞர் ஆட்சியில் கடை திறந்தது, பிறகு மூடியது. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தது. 1983-ல் டாஸ்மாக் கம்பெனி வந்தது. 1987-ல் கள்ளுக்கடையையும் சாராயக்கடையையும் மூடினார்கள். பிராந்தி, விஸ்கி, ரம் மட்டும் தப்பித்துக்கொண்டன. 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறைக் கடையையே அரசாங்கம் எடுத்து நடத்தத் தொடங்கியது. 2023-24-ல் டாஸ்மாக் மூலம் வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்! எந்தக் கட்சி வந்தாலும் இதில் மட்டும் ஒற்றுமை.

கடையில் விற்கிற பிராந்தியில் சாராயச் சத்து நூற்றுக்கு 42.8 பங்கு. டப்ளின் கறுப்பு பீரில் 4.2. கள்ளும் ஏறக்குறைய அந்த பீர் வகைதான். கேரள அரசு கள்ளுக்கு வைத்திருந்த உச்ச வரம்பே 8.1. ஆக, கடுமையான சரக்கு அரசாங்கக் கடையில், லேசான சரக்கு ஜெயிலுக்கு வழி. இது எந்த ஊர் நியாயம்?

பிராந்திக்குச் சாராயம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கரும்பு ஆலையில் மிஞ்சுகிற கழிவுப்பாகில் இருந்து. எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிற நமக்குத் தெரியாததா? கரும்புக்காரன் நிலுவைக்கு நடையாய் நடக்கிறான். அவன் கரும்பின் சக்கையும் பாகும் யார் யாருக்கோ கோடி கோடியாய்க் காசாகிறது. நம்ம மக்காச்சோளம்கூட இப்போது எத்தனால் ஆலைக்குப் போகிறது. விளைச்சலைச் சாராயமாக்குவது பாவம் என்றால் அந்தப் பாவம் ஏற்கெனவே ஜோராய் நடக்கிறது. விவசாயி தன் கையால் செய்தால் மட்டும்தான் பாவமாம். டப்ளின் பீரை வைத்திருக்கிற டியாஜியோ கம்பெனிதான் 2014-ல் இருந்து நம்ம நாட்டு யுனைடெட் ஸ்பிரிட்ஸ் கம்பெனியையும் கையில் வைத்திருக்கிறது. சீமைக் கம்பெனிக்கு லைசென்ஸ் உண்டு, வரப்புப் பனைக்குக் கிடையாது!

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. மரம் ஏறுகிறவருக்கு நலநிதி உண்டு. குமரகம், ஆலப்புழை போகிற சுற்றுலாக்காரர்கள் கப்பக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிடவே கள்ளுக்கடையைத் தேடிப் போகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பனை தென்னைக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளை வாங்கி, பாட்டிலில் அடைத்து விற்கின்றன. கோவாவில் முந்திரிப் பழத்தை மிதித்து, சாறு எடுத்து, காய்ச்சி 'ஃபெனி' செய்கிறார்கள். அதற்கு 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016-ல் கோவா அரசு அதைப் பாரம்பரியப் பானம் என்று அறிவித்தது. டிக்கெட் போட்டுச் சுற்றிக் காட்டுகிற இடங்களும் அங்கே உண்டு. செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் நம்ம முந்திரித் தோப்புகளில் கொட்டையைத் திருகிக்கொண்டு பழத்தை என்ன செய்கிறோம்? மரத்தடியில் ஈ மொய்க்க விடுகிறோம், இல்லையென்றால் மாட்டுக்குப் போடுகிறோம். காய்ச்சச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஜூஸ், வினிகர், ஜாம் போடவாவது ஒரு கூட்டுறவு ஆலை கேட்டால் கிடைக்குமா?

நம்ம சங்கத்துப் பெண்கள் கேட்பது நியாயமான கேள்வி. "ஏற்கெனவே டாஸ்மாக் குடியைக் கெடுத்தது போதாதா, நீங்க வேற புதுசா ஒண்ணு திறக்கணுமா?" இதற்குப் பூசி மெழுகிப் பதில் சொல்ல மாட்டோம். கள்ளும் போதைதான். அளவுக்கு மீறினால் அதுவும் குடும்பத்தைக் கெடுக்கும். அந்தக் காலத்துக் கள்ளுக்கடை ஏலத்தில் மயக்க மருந்து கலப்படம் நடந்ததும் உண்மை. கலப்படம் எங்கே நடந்தது? மரத்தில் அல்ல. ஏலம் எடுத்தவன் கடையில், விற்கிற சரக்கு இறக்குகிற சரக்கைவிட அதிகமானபோது. அதனால்தான் பழைய ஏலக் கடையை நாங்கள் கேட்கவில்லை. இறக்குகிறவரே மரத்தடியிலோ, அவர் சேர்ந்த கூட்டுறவுச் சங்கத்திலோ, பகலில், அளவு வைத்து விற்கட்டும். சோதனைக்கு ஆள் வரட்டும். கூடவே டாஸ்மாக் கடைகளைக் குறைக்கட்டும். இந்த இரண்டாவது கோரிக்கையை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் கேட்கிறவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை.

நமக்கு வடக்கே கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். கள்ளை மூடி 37 வருஷம் கழித்து! கையில் காசில்லாத கூலிக்காரன் டாஸ்மாக் விலை கட்டாமல் விஷத்துக்குப் போனான். மரத்தைப் பூட்டியதால் அவன் குடியை விடவில்லை என்பதைக் கோட்டையில் இருப்பவர்கள் எப்போது எண்ணிப் பார்ப்பார்கள்?

2017-ல் தென்னையில் நீரா இறக்க அனுமதி என்றார்கள். லைசென்ஸ், கம்பெனி, குளிர்பதனப் பெட்டி. மூணு ஏக்கர்க்காரனுக்கு அது எட்டாக்கனி. பனைக்கு அதுவும் இல்லை. மரம் ஏறத் தெரிந்தவர்கள் நம்ம வட்டாரத்தில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். வருமானம் இல்லாத தொழிலுக்கு எந்தப் பிள்ளை ஏறும்? இன்னும் பத்து வருஷம் போனால் தடையை நீக்கினாலும் ஏற ஆள் இருக்காது. அவசரம் என்று நாங்கள் சொல்வது அதனால்தான்.

ஆகவே வருகிற கிராம சபைக் கூட்டத்தில் ஒவ்வொரு ஊராட்சியிலும் மூன்று தீர்மானங்களை வைக்கிறோம். மரத்தில் இருந்து இறக்கும் கலப்படமில்லாத கள்ளை மதுவிலக்குச் சட்டத்தில் இருந்து நீக்க வேண்டும். கலயம் கட்டியதற்காக விவசாயிகள் மேல் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெற வேண்டும். முந்திரிப் பழத்துக்கும் பதநீருக்கும் பெரம்பலூர், அரியலூர் ஆகிய நம்ம இரண்டு மாவட்டத்திலும் கூட்டுறவு ஆலை வேண்டும். தீர்மானத்தை நோட்டில் ஏற்றாமல் எழுந்து வராதீர்கள். "மேலதிகாரியைக் கேட்டுச் சொல்றோம்" என்றால், கேட்டுச் சொல்லும் வரை அங்கேயே உட்காருங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் ஊரில் சர்வே நம்பர் வாரியாக எத்தனை பனை, எத்தனை முந்திரி நிற்கிறது, ஏறத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, கிளைச் செயலாளரிடம் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். ஏரிக்கரைப் பனையையும் விட்டுவிடாமல் எண்ணுங்கள்.