யாஹூ மூடும் முன்பே நாம் போய்விட்டோம்

யாஹூ குழுமங்களை மூடப்போகிறார்கள் என்ற செய்தி 2019 அக்டோபரில் வந்தபோது, தமிழ் இணையத்தின் பழைய ஆட்களான நாம் ஆளுக்கொரு ஒப்பாரி வைத்தோம். அதையும் ஃபேஸ்புக்கில்தான் வைத்தோம். ராயர் காபி கிளப், மரத்தடி என்று குழுமங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, அங்கே விடிய விடியச் சண்டை போட்டதை எல்லாம் நினைத்து உருகி, லைக்கும் வாங்கிக்கொண்டோம். மடல்களைத் தரவிறக்கிக்கொள்ள 2020 ஜனவரி 31 வரை விண்ணப்பிக்கலாம் என்றார்கள். நம்மில் எத்தனை பேர் விண்ணப்பித்தோம்? குழுமத்தை நடத்தியவர் பார்த்துக்கொள்வார் என்று நாம் இருந்தோம். அவரோ நம்மில் யாராவது பார்த்துக்கொள்வோம் என்று இருந்திருப்பார்.

யாஹூவைத் திட்டுவது சுலபம். ஆனால் அவர்கள் பூட்டுப் போடுவதற்குப் பல வருடம் முன்பே நாம் அங்கிருந்து கிளம்பிவிட்டோமே. பிடித்த தளங்களின் புதுப் பதிவுகளைச் செய்தியோடை (RSS) வழியாக ஒரே இடத்தில் காட்டிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று நின்றபோதும் இதே கதைதான். செய்தியோடை அன்றைக்குச் சாகவில்லை, இன்றும் ஓடுகிறது. ஃபீட்லி மாதிரி வேறு செயலிகள் இருந்தன. புதிதாக ஒன்றைப் பழகச் சோம்பல்பட்டு, எதைப் படிப்பது என்று முடிவு செய்யும் வேலையையே சமூக ஊடகங்களிடம் கொடுத்துவிட்டோம். பிறகு, 'அல்காரிதம் நல்லதைக் காட்டமாட்டேன் என்கிறது' என்று அங்கேயே உட்கார்ந்து குறைப்பட்டுக்கொண்டோம்.

இத்தனைக்கும் நாம் சோம்பேறிகளாகத் தொடங்கியவர்கள் இல்லை. திரையில் தமிழ் தெரியவைக்கவே மல்லுக்கட்டிய கூட்டம் இது. முரசு அஞ்சல், இ-கலப்பை என்று தட்டச்சு மென்பொருள்களை நிறுவிப் பார்த்து, எழுத்துரு இறக்கி, கட்டம் கட்டமாகத் தெரிந்ததை எல்லாம் சரிசெய்து படித்தோம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்காகப் பழைய நூல்களைச் சல்லிக்காசு வாங்காமல் தட்டச்சு செய்தவர்கள் நம்மில் இருந்தார்கள். அப்புறம் யூனிகோடு வந்தது, எல்லாம் சுலபமாயிற்று. சுலபமானதும் பழைய பக்கங்களை மாற்றிவைக்க மறந்தோம். யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி குறியாக்கத்தில் இருக்கும் ஒரு பக்கத்தை இன்று திறந்தால் ரோமன் எழுத்துகளுக்குத் தலையில் கொம்பும் தொப்பியும் முளைத்துக் கிடக்கின்றன. உள்ளே இருப்பது கவிதையா, வம்பா, வத்தக்குழம்பு செய்முறையா, ஒன்றும் தெரியாது. எழுத்துரு மாற்றியில் ஒட்டினால் நொடியில் தமிழாகிவிடும். அந்த நொடிக்குத்தான் நமக்கு நேரம் கிடைக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் நாம் செய்வது இன்னும் மோசம். ஒருவர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதியதை எடுத்து, அடியில் இருக்கும் பெயரை வெட்டி, 'படித்ததில் பிடித்தது' என்று போட்டு அனுப்பிவிடுகிறோம். நாலு குழு தாண்டுவதற்குள் அது அப்துல் கலாம் சொன்னதாகிவிடுகிறது! எழுதியவர் பெயர் போனதில் நம் எல்லோர் கைக்கும் பங்குண்டு.

2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் காணாமல் போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் சொன்னது. அந்தச் செய்தியைக்கூட ஸ்கிரீன்ஷாட்டாகத்தான் பகிர்ந்தோம், சுட்டி கொடுக்கவில்லை.

செய்யக்கூடியது இன்னும் இருக்கிறது, பெரிய வேலையும் இல்லை. வேபேக் மெஷினில் ஒரு பக்கத்தின் முகவரியை ஒட்டிப் பொத்தானை அழுத்தினால் அதன் பிரதி சேமிப்பில் சேரும், அதற்குக் கணக்குகூட வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியா 2003இலிருந்து நடக்கிறது. அதில் பிழையைப் பார்த்துச் சிரிக்கிற நேரத்தில் 'தொகு' என்பதை அழுத்தித் திருத்திவிடலாம்.

இன்னொன்று. குழும மடல்களைத் தனித்தனி மின்னஞ்சலாக வாங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுடைய பழைய அஞ்சல் பெட்டியில் அவை இன்னும் இருக்கக்கூடும். இடம் போதவில்லை என்று மொத்தமாக அழித்துவிடாதீர்கள். கடவுச்சொல்லைத் தேடிப் பிடித்து உள்ளே போய், இருப்பதை ஒரு பிரதி எடுத்துவையுங்கள். எழுதியவர்களைக் கேட்டுக்கொண்டு பிறகு வெளியிடலாம்.