ஃப்ரீசருக்குள்ள கத்தியை விடாதேங்கோ

இந்த எபிசோடில ஃப்ரிட்ஜுக்குள்ள ஓடுற வாயுக்களைப் பற்றிக் கதைச்சம். நேரம் போதாமல் விட்ட ஒரு விசயத்தை இங்க எழுதுறன். பேஸ்மென்ட் ஃப்ரீசரில இருக்கிற எச்சரிக்கை ஸ்டிக்கர் பிழையான இடத்தில ஒட்டப்பட்டிருக்கு.

கனடாவில 2025 ஜனவரி 1 முதல், புது வீட்டு ஃப்ரிட்ஜுகளில பூமியைச் சூடாக்கும் எண் 150-ஐத் தாண்டின குளிர்வாயு போட ஏலாது. காபன் டைஒக்சைட்டுக்கு 1 எண்டால், பழைய ஆர்-134ஏ-க்கு 1430. ஐசோபியூட்டேனுக்கு வெறும் 3 அளவில. மாற்றம் நல்லது, எனக்கு அதில சந்தேகமே இல்லை.

சாதாரண பியூட்டேனில நாலு காபனும் வரிசையா நிக்கும். இதில ஒண்டு நடுவில, மற்ற மூண்டும் கிளை மாதிரி. கிளை விட்ட மூலக்கூறுகள் நெருங்கி ஒட்டாது, அதால கெதியா ஆவியாகும். பியூட்டேன் கொதிக்கிறது −0.5 டிகிரியில, இது −12 கிட்ட. (ரொறன்ரோ பெப்ரவரியில வெளியில வைச்ச பியூட்டேன் அடுப்பு ஏன் பத்தாது எண்டு இப்ப விளங்குதா?)

ஆனால் இது நல்லா எரியும். எரிவாயு எண்டால் எங்கட ஆக்களுக்கு 2008 ஆகஸ்ட் 10 அதிகாலை டவுன்ஸ்வியூவில புரொப்பேன் கிடங்கு வெடிச்சதுதான் ஞாபகம் வரும். ஆயிரக்கணக்கான சனம் வீட்டை விட்டு வெளியேறினது. அங்க இருந்தது டாங்கர் கணக்கில. வீட்டு ஃப்ரீசரில இருக்கிறது சில பத்து கிராம்.

கணக்குப் பார்ப்பம். 60 கிராம் கசிஞ்சால் ஏறத்தாழ 25 லீற்றர் வாயு. காற்றில 1.8 முதல் 8.4 சதவீதம் வரை இருந்தால்தான் தீப்பிடிக்கும். 30 கன மீற்றர் அறையில பரவினால் 0.08 சதவீதம், ஒண்டும் நடக்காது. அதே வாயு 400 லீற்றர் ஃப்ரீசர் பெட்டிக்குள்ள நிண்டால் 6 சதவீதம். இது காற்றைவிட இரண்டு மடங்கு பாரம். மேல் மூடி திறக்கிற பெட்டியெண்டால், மூடி திறந்திருந்தாலும் வாளியில தண்ணி மாதிரி அடியில கிடக்கும். புரொப்பேனில போல மணம் சேர்க்கிறதும் இல்லை, மூக்குக்குத் தெரியாது.

எங்கட வீடுகளில அந்தப் பெட்டிக்குள்ள என்ன நடக்குது? மீனும் ஆட்டிறைச்சியும் ஐஸோட ஒட்டிப் போனால், அம்மாவோ அம்மம்மாவோ கத்தியால குத்திக் கிளப்புவினம். அவசரமெண்டால் ஹெயார் ட்ரையரும் வரும். மெல்லிய சுவருக்குப் பின்னால குழாய். ஓட்டையும் பொறியும் ஒரே இடத்தில.

ஸ்டிக்கர் எங்க? பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி, இங்கிலீசிலயும் பிரெஞ்சிலயும். கத்தி பிடிக்கிற கைக்கு அது தெரியவே தெரியாது. மூடிக்கு உள்பக்கம் கத்தியில குறுக்குக் கோடு போட்ட ஒரு படம் ஒட்ட கொம்பனிகளுக்கு எவ்வளவு செலவாகும்? சில சதம். அதை ஒட்டச் சொல்லிச் சட்டம் வேணும்.

அதுவரைக்கும் இந்த வீக்கெண்ட் நீங்களே கீழ போய் லேபிளைப் பாருங்கோ. ஆர்-600ஏ எண்டிருந்தால் வீட்டில தமிழில சொல்லுங்கோ: பிளக்கைக் கழட்டி, மூடியைத் திறந்து, ஐஸ் தானா உருகட்டும். குத்தி, "ஸ்ஸ்" எண்டு சத்தம் கேட்டால் சுவிட்ச், பிளக் ஒண்டையும் தொடாமல் எல்லாரும் வெளியில வந்து 911-க்கு அடியுங்கோ.